முதலில் ஒரு நோட்டு நிறையட்டும்

சிறைக்குள் எழுத ஆசைப்படுகிறவர்களில் அநேகமாக எல்லோரும் முதலில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "டீச்சர், என் வாழ்க்கையை ஒரு புத்தகமா எழுதணும்." பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மத்திய சிறையில் வாரம் ஒருநாள் எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்தி வருகிறேன். அனுமதி பெற்று உள்ளே போய்வரும் தன்னார்வலர் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு பொறுப்பு கிடையாது. அந்த வாக்கியத்தைச் சொல்பவரின் தீவிரத்தை நான் மதிக்கிறேன். தன் வாழ்க்கையைப் பற்றிக் காவல் நிலையமும் நீதிமன்றமும் செய்தித்தாளும் எழுதிவிட்ட பிறகு, தானும் ஒருமுறை எழுத வேண்டும் என்று ஒரு மனிதர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்தப் புத்தகத்தை முதல் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன், அதற்குப் பதிலாக எதை இலக்காக வைக்கச் சொல்கிறேன் என்பதை, உள்ளே இருப்பவர்களின் குடும்பத்தாருக்கும் இதுபோல வகுப்பெடுக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எட்டக்கூடிய இலக்கு என்றால் சிறிய இலக்கு என்று பலர் பொருள் கொள்கிறார்கள். எழுதுகிறவரின் கைக்குள் இருப்பதை மட்டும் வைத்து அமைக்கும் இலக்கைத்தான் நான் எட்டக்கூடியது என்கிறேன். வெளியில் இருப்பவர்களைவிடச் சிறையில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு பல மடங்கு முக்கியம். அடுத்த மாதம் வேறு பிளாக்குக்கோ வேறு சிறைக்கோ மாற்றுவார்களா, ஜாமீன் கிடைக்குமா, சோதனையின்போது நோட்டு கையைவிட்டுப் போகுமா, அனுப்பிய கதை தணிக்கையைத் தாண்டித் தபாலில் சேருமா, சேர்ந்தாலும் பத்திரிகையிலிருந்து பதில் வருமா என்பவற்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு படுப்பது வரை பிறர் முடிவுக்குக் கட்டுப்பட்டு இருக்கிற ஒருவர், எழுத்திலும் பிறர் முடிவைச் சார்ந்த ஒன்றையே இலக்காக வைத்துவிட்டால், அது கைகூடாதபோது வருகிற சோர்வு எழுத்தோடு நின்றுவிடுவதில்லை. சாப்பாட்டிலும் தூக்கத்திலும் வீட்டாரோடு பேசுகிற பேச்சிலும் அது வந்து படிந்துவிடுகிறது. இன்று ஒரு பக்கம் எழுதுவதும், நேற்று எழுதியதை இன்று ஒருமுறை திருத்துவதும், தொடங்கிய ஒன்றை முடித்துக் கீழே தேதி போடுவதும் அவர் கையில் இருக்கின்றன. இலக்கு அங்கே தொடங்க வேண்டும்.

"சிறையில் நேரத்துக்கா பஞ்சம்?" என்று வெளியில் கேட்கிறார்கள். நேரம் இருக்கிறது, ஆனால் அது அவருடைய நேரம் அல்ல. காலையில் கதவு திறந்து கணக்கெடுப்பதிலிருந்து மாலையில் மீண்டும் கணக்கெடுத்து லாக்கப் செய்வது வரை, தண்டனைக் கைதிக்குத் தறியிலோ தையல் கூடத்திலோ சமையல் கூடத்திலோ வேலை இருக்கும். விசாரணைக் கைதிக்கு வாய்தா நாட்களில் பொழுது முழுவதும் வேனிலும் நீதிமன்ற வராந்தாவிலும் கழியும். மனு வருகிற நாளில், அதாவது வீட்டிலிருந்து பார்க்க வருகிற நாளில், முன்பாதி காத்திருப்பிலும் பின்பாதி பேசிய பேச்சை அசைபோடுவதிலும் போய்விடும். லாக்கப்புக்குப் பிறகு விளக்கு எரியும், ஆனால் பலர் சேர்ந்து அடைபட்டிருக்கும் அறையில் தொலைக்காட்சியும் பேச்சும் சண்டையும் இருக்கும். இந்த நாளில் எந்த அரைமணி தனக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதே முதல் வாரத்து வேலை என்று நான் சொல்லுவேன். சிலருக்கு அது விடியற்காலையில், மற்றவர்கள் எழும் முன் கிடைக்கிறது. சிலருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய மந்தமான நேரத்தில். எப்போது என்பதைவிட, தினமும் அதே நேரமாக இருப்பது பெரிது. பக்கத்தில் படுப்பவர்களும் அதைத் தெரிந்துகொண்டு, "அண்ணன் எழுதுற நேரம்" என்று விலகிக்கொள்ளப் பழகுகிறார்கள்.

இலக்கின் நீளத்தைத் தீர்மானிக்க இன்னொரு உண்மையையும் மனத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்களுக்குத் தாங்கள் எத்தனை நாள் உள்ளே இருக்கப்போகிறோம் என்பதே தெரியாது. அடுத்த வாரம் ஜாமீனில் போகலாம், மூன்று ஆண்டுகள் கழிந்தும் அதே இடத்தில் இருக்கலாம். "ஒரு வருஷத்துல நாவலை முடிச்சிருவேன்" என்று அவர்களில் ஒருவர் சொல்லும்போது, அந்த ஒரு வருஷம் எங்கே கழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே எங்கள் வகுப்பில் ஆண்டுக் கணக்கில் திட்டம் போடுவதில்லை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், இரண்டு வாரத்துக்குள் முடிந்துபோகிற ஒரு முழுமையான ஆக்கம், அப்படி முடித்தவற்றால் ஒரு நோட்டு நிறைவது; இந்த மூன்றுக்கு மேல் முதல் ஆண்டில் எதுவும் வேண்டாம் என்பது எங்களுக்குள் ஏற்பட்டிருக்கும் உடன்பாடு. எந்த நாளில் கதவு திறந்தாலும், அதுவரை முடித்தவை முடித்தவையாகவே அவரோடு வரும்.

இதற்கு வெளிநாட்டுக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1908 இல் கைதாகி, கோவைச் சிறையில் செக்கிழுத்து, பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையான வ.உ.சிதம்பரம் பிள்ளை, அந்தச் சிறைவாசத்தின் நடுவில் இயற்றிய நூல்களில் ஒன்று மெய்யறம். மாணவரியலில் தொடங்கி மெய்யியலில் முடியும் அந்த நூலில் 125 அதிகாரங்கள். ஒவ்வோர் அதிகாரத்துக்கும் பத்தே அடிகள். கடுந்தண்டனை பெற்ற ஒருவர் கைக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வடிவம் ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பத்து அடியில் ஓர் அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யலாம். கை ஓய்ந்த நேரத்தில் எழுதிவிடலாம். எழுபதாவது அதிகாரத்தில் எழுத்து தடைப்பட்டிருந்தாலும், எழுதி முடித்த எழுபதும் தம்மளவில் முழுமையாகவே நின்றிருக்கும். அந்த நூல் 1914 இல் அச்சாகி வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஜேம்ஸ் ஆலன் எழுதிய சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று அவர் தமிழாக்கியதும் சிறைக்காலத்தில்தான். சொந்தமாக எழுதச் சொல் வராத நாளில் பிறருடைய நூலை மொழிபெயர்த்துக் கையைப் பழக்கத்தில் வைத்திருக்கலாம் என்பதை எங்கள் வகுப்பில் ஆங்கிலம் தெரிந்த இரண்டு மூன்று பேர் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தாலியில் 1926 நவம்பரில் கைதான மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சியின் கதையையும் நான் அடிக்கடி சொல்வதுண்டு, ஏனென்றால் இலக்கு எப்படித் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை அதில் தெளிவாகப் பார்க்க முடிகிறது. 1927 மார்ச்சில் தன் மனைவியின் சகோதரி தாத்தியானாவுக்கு எழுதிய கடிதத்தில், காலம் கடந்து நிற்கும்படி ஏதேனும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் தன்னை அரிக்கிறது என்று சொல்லி, நான்கு பொருள்களைக் குறிப்பிடுகிறார். ஆனால் அறையில் எழுத அனுமதி கிடைப்பதற்கு 1929 ஆகிவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று முதல் நோட்டைத் திறந்து, அதன் தொடக்கத்தில் பதினாறு தலைப்புகளை வரிசையிட்டார். தொடக்க மாதங்களில் பெரும்பாலும் மொழிபெயர்ப்புப் பயிற்சியே செய்தார். உடல்நலம் முற்றிலும் கெட்டு 1935 இல் எழுத்து நின்றபோது, மொழிபெயர்ப்பு நோட்டுகளையும் சேர்த்து 33 நோட்டுகள் இருந்தன. திட்டமிட்ட ஆய்வு நூல்களில் ஒன்றும் நூலாக முடியவில்லை. 1937 இல் அவர் இறக்கும்வரை அந்த நோட்டுகளிலிருந்து எதுவும் அச்சாகவும் இல்லை. இருந்தும், குறிப்புகளாகவே எழுதப்பட்ட அந்தப் பக்கங்களை உலகம் இன்றுவரை படிக்கிறது. நூல் எழுத முடியாத இடத்தில் குறிப்பு எழுதலாம், குறிப்பும் முறையான எழுத்து வடிவம்தான் என்று சொல்வதற்கு இதைவிட உறுதியான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. பத்து வரியில் தேதியிட்டு ஒரு குறிப்பு, அதற்குத் தலைப்பு, பக்க எண். இவ்வளவும் இருந்தால் பின்னாளில் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்து வளர்க்க முடியும்.

ஜவாஹர்லால் நேருவைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். தன் வரலாற்றை 1934 ஜூனிலிருந்து 1935 பிப்ரவரிக்குள்ளும், இந்தியாவைக் கண்டறிவதைப் பற்றிய பெருநூலை 1944 இல் அகமதுநகர்க் கோட்டையில் ஐந்தே மாதங்களிலும் அவர் எழுதியது உண்மை. ஆனால் கேம்பிரிட்ஜில் படித்து, ஏற்கெனவே எழுதிப் பழகி, நூல்கள் வரவழைத்துப் படிக்க வசதியும் இருந்த ஓர் அரசியல் கைதியின் வேகத்தை, ஒன்பதாம் வகுப்பில் படிப்பை நிறுத்திய இளைஞர் தனக்கு அளவுகோலாக வைத்துக்கொள்வது தனக்கே தீங்கு செய்துகொள்வதாகும். அந்த இளைஞருக்கு நான் மனோரஞ்சன் பியாபாரியைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கே போகாமல் இருபது வயதுகளில் கொல்கத்தாச் சிறைக்குப் போய், அங்கே தரையில் குச்சியால் கீறி எழுத்தறிந்து, பின்னர் ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்து, வங்காளத்தின் அறியப்பட்ட எழுத்தாளரானவர் அவர். உள்ளே இருந்த காலத்தில் அவருடைய இலக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதாக இருந்தது, அதை அவர் உள்ளேயே அடைந்தார். மற்றவை பின்னால் வந்தன.

எதைப் பற்றி எழுதுவது என்பதிலும் அளவு வேண்டும். முழு வாழ்க்கை என்பது தொடக்கக்காரர் தாங்கக்கூடிய பொருள் அல்ல. அதில் வழக்கு இருக்கிறது, குற்றவுணர்வோ கோபமோ இருக்கிறது, யாரை எப்படிச் சொல்வது என்ற பெரிய சிக்கல் இருக்கிறது. ஆதலால் அவருக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, அதைத் தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி மூன்று பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். லாரி ஓட்டுநராக இருந்த ஒருவர், முந்நூறு பக்க நாவல் எழுதும் எண்ணத்தோடு வந்தவர், மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்ட இரவில் லோடுமேல் ஏறித் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதை மட்டும் எழுதினார். நனைந்த கயிறு கையை எப்படி அறுக்கும், கிளீனர் பையன் எந்தப் பக்கம் நின்று இழுக்க வேண்டும், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தால் எந்த முனையை முதலில் கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதைப் படித்துக்காட்டியபோது, வகுப்பில் இருந்த இன்னொரு ஓட்டுநர் முடிச்சுப் போடும் முறையில் ஒரு திருத்தம் சொன்னார். இருவரும் நெடுநேரம் வாதிட்டார்கள். மறுவாரம் அந்தப் பத்தி திருத்தி எழுதப்பட்டு வந்தது. நாவலைப் பற்றிய பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை, ஆனால் இப்போது அவரிடம் அடுத்தடுத்து எழுத வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று இருக்கிறது. செக்போஸ்ட், இரவுநேர டீக்கடை, வண்டி பழுதாகி நின்ற ஊர் என்று நீளும் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் மூன்று பக்கத்துக்குள் முடியக்கூடியது.

கடிதத்தையும் விண்ணப்பத்தையும் எழுத்தாகவே எண்ணாதவர்கள் உள்ளே பலர் இருக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பிளாக்கில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களுக்காக வீட்டுக்குக் கடிதமும், பரோல் விடுப்புக்கும் மருத்துவத்துக்கும் விண்ணப்பமும் எழுதித் தருகிறார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்வது, தேதியையும் இடத்தையும் தவறாமல் குறிப்பது, தேவையற்றதை விடுவது, படிக்கப்போகிறவர் யார் என்பதை மறக்காமல் இருப்பது ஆகிய எல்லாப் பயிற்சியும் அதில் கிடைத்துவிடுகிறது. இந்தியச் சிறைச் சட்டத்தின் போக்கையே மாற்றிய தீர்ப்புகளில் ஒன்று ஒரு கைதியின் கடிதத்திலிருந்து பிறந்ததுதான். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் தலைமை வார்டரால் கொடுமைப்படுத்தப்பட்டதைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்த நீதிமன்றம், 1979 டிசம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பை வழங்கியது. தனக்காக அன்றி இன்னொருவருக்காக எழுதப்பட்ட கடிதம் அது என்பதை நான் வகுப்பில் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறேன். வாரம் ஒரு கடிதம், அதை ஒருமுறை திருத்திப் படியெடுத்து அனுப்புவது என்பது புதிதாக வருகிறவருக்கு முற்றிலும் போதுமான இலக்கு. எழுதிய கடிதத்தின் படி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டால், ஆறுமாதத்தில் அவருடைய நடை எப்படி மாறியிருக்கிறது என்பது அவர் கண்ணுக்கே தெரியும்.

வாசகர் வெளியேதான் இருக்கிறார் என்ற எண்ணமும் இலக்கைக் கெடுக்கிறது. இந்தோனேசியாவின் புரு தீவில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த நாவலாசிரியர் பிரமூதியா அனந்த தூர், எழுத அனுமதி கிடைப்பதற்கு முன்பே, தன் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்த நாவல் தொடரைச் சக கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்தார். 1980 இல் அதன் முதல் பகுதி அச்சாவதற்கு வெகுகாலம் முன்பே அதற்குக் கேட்பவர்கள் இருந்தார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டால், அந்தப் பக்கம் வேலை செய்திருக்கிறது என்று பொருள். அவர் தூங்கிவிட்டால், எந்த இடத்தில் தூங்கினார் என்பதைக் குறித்துக்கொண்டு அந்த இடத்தைத் திருத்தலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவருக்கு முழுதாகப் படித்துக்காட்டுவதை நான் இலக்கில் சேர்க்கிறேன். பெண்கள் சிறையில் வகுப்பெடுக்கும் என் தோழி சொல்வதும் இதுதான். அங்கே எழுதுவதைவிட வாய்விட்டுப் படிப்பதற்குத்தான் முதலில் தயக்கம் இருக்கிறதாம், அது உடைந்த பிறகு எழுத்து தானாக நீள்கிறதாம்.

படிப்பும் இலக்கின் ஒரு பகுதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டுச் சிறைகளில் நூலகங்கள் இருக்கின்றன. 2023 ஆம் ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்து, பொதுமக்களிடமிருந்து சிறைவாசிகளுக்காக நூல்களைப் பெற்றது. அப்படி வந்த நூல்கள் பலருடைய கையில் புரள்வதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. எத்தனை நூல் படித்தோம் என்று எண்ணுவதைவிட, பிடித்த ஒரு சிறுகதையை மூன்று முறை படித்து, அதை அப்படியே கையால் படியெடுத்துப் பார்ப்பது எழுதுகிறவருக்கு அதிகம் உதவும்.

இனி நான் மிகுந்த கவனத்தோடு பேசவேண்டிய பகுதிக்கு வருகிறேன். வழக்கு நிலுவையில் இருப்பவர், அந்த வழக்கைப் பற்றி எதையும் நோட்டில் எழுத வேண்டாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் தன் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். சிறைக்குள் இருக்கும் நோட்டுக்கு அந்தரங்கம் கிடையாது. அதைச் சோதனையில் எடுத்துப் பார்க்கலாம், வேறு யாராவது படிக்கலாம், தனக்கு எதிராகவும் அது திரும்பலாம். சக கைதிகளின் பெயரையும் வழக்கையும் எழுதக்கூடாது. உள்ளே ஒருவர் நம்பிச் சொன்னது எழுத்தில் வந்தால் அதன் விளைவை அனுபவிப்பவர் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய குடும்பமும் வெளியே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை எழுத்தில் கொண்டுவருவதற்கான உரிமை தண்டனை அனுபவிப்பதால் தானாக வந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் இதையொட்டிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்து, அதிகாரிகள் எதிர்க்க, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 இல் வந்த தீர்ப்பு, வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று கூறியது. அதோடு, பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு மேல் ஒருவருடைய சொந்த வாழ்க்கையை அவர் சம்மதமின்றி எழுதுவது அந்தரங்க உரிமையை மீறுவதாகலாம் என்றும் கூறியது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவே இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பேசப்படுகிறது. எழுத வருகிற சிறைவாசி அதன் இரண்டாம் பாதியையும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வாழ்க்கைக் கதைப் புத்தகத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் புத்தகத்துக்குத் தேவையான பொறுப்பு, சில நோட்டுகள் எழுதிப் பழகிய பிறகே கைக்கு வருகிறது.

வெளியிடுவதைப் பற்றி. பம்பாய் மாவட்டச் சிறையில் பாதுகாப்புக் கைதியாக இருந்த பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி என்பவர், அணுவைப் பற்றி மராத்தியில் ஓர் அறிவியல் நூல் எழுதி, அதை அச்சிடுவதற்காகத் தன் மனைவிக்கு அனுப்ப அனுமதி கேட்டார். அரசு மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 1965 செப்டம்பரில், அவ்வாறு மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பானது. அவர் விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர், தண்டனைக் கைதிகளுக்குச் சிறை விதிகள் வேறு; ஆனாலும் கைதியின் கையெழுத்துப் படி முறைப்படி வெளியே போகலாம் என்பதற்கு அது வலுவான முன்னுதாரணம். முறைப்படி என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, தணிக்கைக்குக் கொடுத்து, அதன் பிறகு தபாலில் அனுப்ப வேண்டும். யார் கையிலாவது மறைத்துக் கொடுத்தனுப்பினால், அகப்படும்போது அந்த ஒருவருடைய எழுத்தோடு மற்ற எல்லோருடைய வகுப்பும் நின்றுபோகும். அனுப்பும் முன் ஒரு படியைத் தன்னிடம் வைத்துக்கொள்வது கட்டாயம். பெரும்பாலான இதழ்கள் இன்று தட்டச்சு செய்து மின்னஞ்சலில் வருவதையே விரும்புகின்றன என்பதால், வீட்டில் ஒருவர் கைபேசியிலாவது அதைத் தட்டச்சு செய்ய ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கும் இலக்கை அமைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இந்த வருஷம் என் கதை ஒரு பத்திரிகையில் வரணும்" என்பது ஆசிரியர் குழுவின் கையில் உள்ள காரியம். "இந்த வருஷம் நல்லாத் திருத்தின ரெண்டு கதையை அனுப்பணும்" என்பது அவர் கையில் உள்ளது. அனுப்பிய நாளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும், ஏனென்றால் பல மாதங்கள் பதில் வராமல் போவது வெளியில் எழுதுகிறவர்களுக்கும் சாதாரணம். சிற்றிதழ்களில் சன்மானம் பெரும்பாலும் கிடையாது. எழுதிச் சம்பாதித்து வக்கீல் பீஸ் கட்டலாம் என்று நம்பி வருகிறவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அந்த ஏமாற்றம் ஆரம்பத்தில் வருவதே நல்லது.

எழுத முடியாத வாரங்கள் வரும். ஜாமீன் மனு தள்ளுபடியான வாரம், வீட்டில் ஒரு சாவு நடந்து போகமுடியாத வாரம், மனுவுக்கு வருவதாகச் சொன்னவர் வராத வாரம். அந்த நாட்களில் தினம் ஒரு பக்கம் என்று கட்டாயப்படுத்துவது கொடுமை. தேதியையும் ஒரு வரியையும் எழுதினால் போதும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கிறோம். "இன்னிக்கு எழுத முடியல" என்பதும் ஒரு வரிதான். நோட்டே பறிபோகும் நாளும் உண்டு. சோவியத் முகாமில் இருந்த கவிஞர் இரீனா ரத்துஷின்ஸ்கயா, சோப்பில் தீக்குச்சியால் கவிதையைக் கீறி, மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு கழுவிவிடுவாராம். நம்முடைய ஊரில் மனப்பாடம் புதிது அல்ல. கவிதை எழுதுகிறவர்கள் எழுதியதை மனத்திலும் ஏற்றி வைத்துக்கொள்ளட்டும், உரைநடை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு நோட்டு முடிந்ததும் அதை அனுமதியோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடட்டும் என்பது என் யோசனை.

குடும்பத்தாரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மனுவுக்குப் போகும்போது எதை உள்ளே கொடுக்க அனுமதி என்று வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பழத்தோடும் பிஸ்கட்டோடும் ஒரு நோட்டையும் இரண்டு பேனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "புத்தகம் எப்போ வரும்?" என்று கேட்காமல், "இந்த வாரம் என்ன எழுதினே?" என்று கேளுங்கள். வந்த பக்கங்களை ஒரு கோப்பில் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். விடுதலையாகி வெளியே வந்தவுடன் அவர் எழுத்து நின்றுபோனால் பதற வேண்டாம். வேலை தேடுவது, கையெழுத்துப் போடக் காவல் நிலையத்துக்குப் போவது, பிள்ளைகளோடு மறுபடி பழகுவது என்று முதல் மாதங்களில் உள்ளே கிடைத்த அரைமணிகூட வெளியே கிடைக்காது. அந்தக் காலத்துக்கு இலக்கைப் பழையபடி வாரம் ஒரு கடிதமாகக் குறைத்துக்கொண்டு, உள்ளே இன்னும் இருக்கிற நண்பர் ஒருவருக்கு அதை எழுதச் சொல்லுங்கள். பதில் வந்ததும் அந்தக் கோப்பை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.